பெருந்தமனி வால்வை மார்பு பிளக்காமல் மாற்றுதல்: நோயாளிக்கும் குடும்பத்துக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

இதயத்தின் இடது கீழறையிலிருந்து உடல் முழுவதற்கும் இரத்தம் புறப்படும் வாசலில் பெருந்தமனி வால்வு இருக்கிறது. நலமாக உள்ள வயதுவந்தவருக்கு அது 3 முதல் 4 சதுர செ.மீ. வரை திறக்கும். அதன் இதழ்களில் சுண்ணாம்பு படிந்து இறுகி, திறப்பு 1 சதுர செ.மீ. அல்லது அதற்கும் கீழே வந்துவிட்டால் அதைக் கடுமையான வால்வுச் சுருக்கம் என்கிறார்கள். அந்நிலையில் நடக்கும்போது மூச்சு வாங்குதல், நெஞ்சு இறுக்கம், திடீர் மயக்கம் ஆகியவற்றில் ஒன்றேனும் தோன்றியிருந்தால் வால்வை மாற்றுவது பற்றிப் பேசத் தொடங்குவார்கள். மாத்திரையால் இந்தச் சுண்ணாம்பைக் கரைக்க முடியாது. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மருந்துகளைக் கொடுத்துச் சுருக்கத்தின் வேகத்தை மட்டுப்படுத்தலாமா என்று பெரிய ஆய்வுகளில் சோதித்தபோது அதுவும் பலிக்கவில்லை.

மார்பைப் பிளக்காமல் தொடை வழியாகவே வால்வு பொருத்தலாம் என்று கேள்விப்பட்ட குடும்பங்கள் முதலில் காயத்தின் அளவைப் பற்றித்தான் கேட்கின்றன. அந்தக் கேள்வி இயல்பானதே. ஆயினும் முடிவு அதைச் சார்ந்து அமையக் கூடாது. வால்வு எதனால் கெட்டது, சி.டி. ஸ்கேனில் என்ன அளவுகள் வந்திருக்கின்றன, நோயாளியின் வயதையும் பொது உடல்நிலையையும் பார்த்தால் அவருக்கு வாழ்நாளில் எத்தனை வால்வுகள் தேவைப்படக்கூடும் என்ற மூன்றுமே முடிவைத் தீர்மானிக்க வேண்டியவை. கீழே சொல்லப்படுபவை மருத்துவரிடம் எதைக் கேட்பது, எதற்கு ஆயத்தமாவது என்பதற்கு உதவும். மருத்துவரின் முடிவுக்கு மாற்றாக இவற்றைக் கொள்ள வேண்டாம்.

முதல் படி: நோய் என்ன என்பதை எக்கோ அறிக்கையிலிருந்து தெரிந்துகொள்ளுதல்

எக்கோ அறிக்கையில் மூன்று எண்களைத் தேடுங்கள். வால்வின் திறப்பு 1 சதுர செ.மீ. அல்லது குறைவு, வால்வைத் தாண்டும் இரத்தத்தின் உச்ச வேகம் விநாடிக்கு 4 மீட்டர் அல்லது அதிகம், வால்வின் இரு பக்கத்துக்கும் இடையிலான சராசரி அழுத்த வேறுபாடு 40 மி.மீ. பாதரசம் அல்லது அதிகம் என்று மூன்றும் ஒத்துவந்தால் நோயின் கடுமையில் ஐயமில்லை. சிலருக்குத் திறப்பு மிகச் சிறியதாக இருந்தும் அழுத்த வேறுபாடு 25 அல்லது 30 என்றே வரும். இதயத் தசை களைத்துப்போய் இரத்தத்தை விசையுடன் தள்ள முடியாததால் இப்படி நேரலாம் என்பதால், எண் குறைவு என்று நிம்மதி அடைந்துவிட முடியாது. அத்தகையவர்களுக்கு இதயத் துடிப்பின் விசையைத் தூண்டும் டொபுடமின் மருந்து செலுத்தி எடுக்கும் எக்கோவும், வால்வில் உள்ள சுண்ணாம்பின் அளவைக் கணக்கிடும் சி.டி.யும் உண்மையைக் காட்டும். அந்தச் சுண்ணாம்பு மதிப்பெண் ஆண்களுக்கு 2000, பெண்களுக்கு 1200 என்ற எல்லையைத் தாண்டினால் சுருக்கம் கடுமையானது என்றே பெரும்பாலும் கொள்ளப்படுகிறது.

அடுத்து, வால்வு எதனால் கெட்டது என்று கேளுங்கள். முதுமையில் சுண்ணாம்பு படிவது ஒரு காரணம். பிறவியிலேயே மூன்று இதழுக்குப் பதிலாக இரண்டு இதழுடன் இருக்கும் வால்வு விரைவில் கெட்டுப்போவது இன்னொன்று. மக்களில் நூற்றுக்கு ஒருவர் அல்லது இருவருக்கு இப்படிப்பட்ட வால்வு இருக்கிறது. மூன்றாவது, சிறு வயதில் தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து வரும் ருமாட்டிக் காய்ச்சல் விட்டுச்செல்லும் பாதிப்பு. மேலை நாடுகளில் அரிதாகிவிட்ட இந்த மூன்றாவது காரணம் இந்தியாவில் இன்றும் சாதாரணமாகக் காணப்படுகிறது. தொடை வழிச் சிகிச்சையின் பெருமையைப் பேசும் ஆய்வுகளில் பெரும்பாலானவை முதுமைச் சுண்ணாம்புள்ள மூவிதழ் வால்வுகளில் நடத்தப்பட்டவை. ருமாட்டிக் நோயாளிகள் அவற்றில் இடம்பெறவில்லை என்றே சொல்லலாம். ருமாட்டிக் நோயில், இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள மைட்ரல் வால்வும் சேர்ந்து கெட்டிருப்பது வழக்கம். அதில் சுருக்கம் மட்டும் இருந்தால் வால்வை மாற்றாமல் பலூனால் விரித்துவிடும் சிகிச்சை உண்டு. எனவே அறிக்கையில் இரண்டு வால்வுகளும் குறிப்பிடப்பட்டிருந்தால், பெருந்தமனி வால்வை மட்டும் தொடை வழியாக மாற்றிவிட்டு மற்றதை என்ன செய்வீர்கள் என்று முன்னரே கேட்டுத் தெளிவது அவசியம்.

இரண்டாம் படி: இருக்கும் வழிகளைப் பிரித்தறிதல்

சிறு துளைச் சிகிச்சை என்ற ஒரே பெயரில் வெவ்வேறான இரண்டு முறைகள் விளம்பரப்படுத்தப்படுகின்றன. ஒன்று அறுவைதான், வெட்டு மட்டும் சிறியது. மார்பெலும்பை முழுவதும் பிளக்காமல் அதன் மேல்பகுதியை மட்டும் திறந்தோ, வலப்பக்கம் இரு விலா எலும்புகளுக்கு இடையே சில செ.மீ. அளவு திறந்தோ செய்வார்கள். உள்ளே நடப்பது வழக்கமான திறந்த அறுவையில் நடப்பதேதான்: இதய நுரையீரல் இயந்திரத்தில் இணைத்து, இதயத்தை நிறுத்தி, கெட்ட வால்வை வெட்டியெடுத்துவிட்டுப் புதியதைத் தைத்துப் பொருத்துகிறார்கள். வலியும் எலும்பு ஆறும் காலமும் குறையும். முழு மயக்கமும் இயந்திரமும் குறையா.

மற்றது டாவி எனப்படும் குழாய் வழிச் சிகிச்சை. உலோகக் கண்ணிக் கூண்டுக்குள் தைக்கப்பட்ட திசு வால்வை மெல்லிய குழாயின் நுனியில் சுருக்கி, பெரும்பாலும் தொடைத் தமனி வழியாகச் செலுத்தி, பழைய வால்வுக்குள்ளேயே விரிப்பார்கள். பழைய வால்வை வெட்டி எடுப்பதில்லை; அது ஓரமாக நசுக்கப்பட்டுக் கிடக்கும். அதிலுள்ள சுண்ணாம்புதான் புதிய வால்வை நழுவாமல் பற்றிக்கொள்கிறது. இதனால்தான் சுண்ணாம்பே இல்லாமல் வெறும் கசிவு மட்டும் உள்ள வால்வுக்கு வழக்கமான டாவி வால்வுகள் ஏற்றவையாகக் கருதப்படுவதில்லை.

இந்த எண்ணத்தை 1989-இல் டென்மார்க்கின் ஹென்னிங் ரூட் ஆண்டர்சன் பன்றிகளில் சோதித்துப் பார்த்தார். மனிதருக்கு முதன்முதலில் செய்தவர் பிரான்ஸின் ரூவான் நகரில் பணியாற்றிய அலென் கிரிபியே. நாள் 2002 ஏப்ரல் 16. சிகிச்சை பெற்றவர், அறுவை செய்யவே முடியாத நிலையில் இருந்த 57 வயது நோயாளி. 2010-இல் வெளியான பார்ட்னர் ஆய்வில், அறுவைக்குத் தகுதியற்றவர்களில் டாவி செய்துகொண்டோரில் ஓராண்டுக்குள் 30.7 சதவீதத்தினரும், மருந்து முதலிய வழக்கமான சிகிச்சையில் விடப்பட்டோரில் 50.7 சதவீதத்தினரும் இறந்தனர். அதன்பின் படிப்படியாக, அறுவையின் ஆபத்து குறைவாக உள்ளவர்களுக்கும் இது விரிவடைந்தது. டாவியை அறுவையோடு ஒப்பிட்ட, ஏறத்தாழ 1,000 பேரைக் கொண்ட பார்ட்னர் 3 ஆய்வில் 2019-இல் வந்த ஓராண்டு முடிவு டாவிக்குச் சாதகமாக இருந்தது. ஐந்தாண்டு முடிவில் இரு பிரிவுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. அந்த ஆய்வில் பங்கேற்றவர்களின் சராசரி வயது 73. இந்த எண்ணை மறக்காமல் இருப்பது நல்லது. 58 வயதுக்காரரிடம் அதே முடிவுகளைக் காட்டி டாவியைப் பரிந்துரைத்தால் அவர் தயங்குவதில் நியாயம் உண்டு.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். உலோகம் அல்லது கார்பனால் ஆன இயந்திர வால்வைச் சுருக்கிக் குழாயில் ஏற்ற முடியாது. குழாய் வழியாகப் போகக்கூடியது திசு வால்வு மட்டுமே. இயந்திர வால்வு பல பத்தாண்டுகள் உழைக்கும். ஆனால் அசிட்ரோம் அல்லது வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமல் காக்கும் மருந்தை வாழ்நாள் முழுவதும் விழுங்கி, இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையையும் தொடர்ந்து செய்துகொள்ள வேண்டும். 50 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குப் பல சமயம் அதுவே பொருத்தம். திருவனந்தபுரத்தின் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் உருவாகி 1990 முதல் பொருத்தப்பட்டுவரும் சித்ரா வால்வு இந்த வகையைச் சேர்ந்தது. பிள்ளை பெற விரும்பும் இளம்பெண்ணுக்கு இந்த மருந்துகள் கருவைப் பாதிக்கக்கூடும் என்பதால் கணக்கு வேறு. அதைத் தனியாகப் பேச வேண்டும்.

மூன்றாம் படி: சி.டி. ஸ்கேனும் பிற பரிசோதனைகளும்

டாவியின் வெற்றி பெரும்பாலும் கேத் லேப் எனப்படும் குழாய்ச் சிகிச்சை அறைக்குள் நுழையும் முன்னரே, சி.டி. படத்தின் முன் உட்கார்ந்து அளவெடுப்பவரின் கையில் முடிந்துவிடுகிறது. அறுவையில் மருத்துவர் வால்வின் இடத்தைக் கண்ணால் பார்த்து அளவுகோலை வைத்துப் பொருத்தம் காண்கிறார். டாவியில் அந்த வாய்ப்பு இல்லை. வால்வு அமரும் வளையத்தின் பரப்பும் சுற்றளவும் மில்லிமீட்டர் கணக்கில் சி.டி.யிலிருந்துதான் கிடைக்கின்றன. சிறிய வால்வை வைத்தால் ஓரத்தில் கசியும் அல்லது நழுவும். பெரியதை வைத்தால் வளையம் கிழியும் அபாயம் உண்டு.

அதே படத்தில் வேறு சிலவற்றையும் பார்ப்பார்கள். தொடைத் தமனி குழாய் நுழையும் அளவுக்கு, அதாவது பொதுவாக 5 முதல் 6 மி.மீ. வரை அகலமாக உள்ளதா, வளைந்து நெளிந்தோ சுண்ணாம்பால் இறுகியோ இருக்கிறதா என்பது ஒன்று. அது சரிப்படாவிட்டால் தோள்பட்டைக்குக் கீழே உள்ள தமனி போன்ற மாற்று வழிகள் உண்டு. ஆனால் தொடை வழியே எல்லாவற்றிலும் பாதுகாப்பானது. இதயத்துக்கு இரத்தம் கொடுக்கும் கரோனரி தமனிகளின் வாய் வால்வின் அடித்தளத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது இன்னொன்று. அது 10 மி.மீ.க்கும் தாழ்வாக இருந்தால், நசுக்கப்படும் பழைய இதழ் அந்த வாயை அடைத்துவிடக்கூடும். இந்த ஒரு காரணத்துக்காகவே சிலருக்கு அறுவையே மேல் என்று முடிவாகிறது. ஆகவே டாவி வேண்டாம் என்று ஒரு குழு சொன்னால், எந்த அளவு சரிப்படவில்லை என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வேறொரு மருத்துவமனையில் கருத்துக் கேட்கும்போது சி.டி. படங்களின் குறுந்தகட்டையும் உடன் எடுத்துச்செல்லுங்கள். அச்சிட்ட அறிக்கை மட்டும் போதாது. அவர்கள் தாமே மறுபடி அளக்க வேண்டியிருக்கும்.

சி.டி.க்குச் செலுத்தும் சாயமருந்து சிறுநீரகத்தைச் சிரமப்படுத்தக்கூடும். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவு முன்பே கூடியிருப்பதையோ, சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் மாத்திரை எடுப்பதையோ, முன்பு சாயமருந்துக்கு ஒவ்வாமை ஏற்பட்டதையோ கேட்கும்வரை காத்திராமல் நீங்களே சொல்லிவிடுங்கள். இதயத் தமனி அடைப்பு உள்ளதா என்று ஆஞ்சியோ எடுப்பார்கள். இ.சி.ஜி.யில் இதயத்தின் வலப்பக்க மின்பாதை அடைப்பு ஏற்கெனவே இருந்தால், சிகிச்சைக்குப் பின் துடிப்பைச் சீராக வைக்கும் பேஸ்மேக்கர் கருவி தேவைப்படும் வாய்ப்பு கூடுதல் என்பதையும் அப்போதே தெரிந்துகொள்ளலாம். முதியவர்களை ஐந்து மீட்டர் தூரம் நடக்கவைத்து நேரம் பார்ப்பதும் உண்டு. ஆறு விநாடிக்கு மேல் எடுத்துக்கொண்டால் உடல் தளர்ச்சிக்கு அது ஓர் அடையாளம்.

பல் மருத்துவரிடம் போகச் சொன்னால் அலட்சியம் செய்யாதீர்கள். சொத்தைப் பல்லிலிருந்தும் ஈறு நோயிலிருந்தும் கிருமி இரத்தத்தில் கலந்து புதிய வால்வில் குடியேறும் நோய் உயிருக்கே ஆபத்தானது. பிடுங்க வேண்டிய பல்லை வால்வுக்கு முன்பே பிடுங்கிவிடுவது நல்லது.

நான்காம் படி: முடிவெடுத்தல்

நல்ல மையங்களில் இதயக் குழாய்ச் சிகிச்சை நிபுணர், இதய அறுவை நிபுணர், மயக்க மருத்துவர், படப் பரிசோதனை நிபுணர் ஆகியோர் கூடி விவாதித்தே முடிவு சொல்வார்கள். அறுவை நிபுணரைச் சந்திக்காமல் டாவிக்குச் சம்மதிப்பதும், டாவி செய்பவரைச் சந்திக்காமல் அறுவைக்குச் சம்மதிப்பதும் ஒருபக்கம் மட்டும் கேட்டு முடிவெடுப்பதாகும். வயதைப் பொறுத்தவரை அமெரிக்க வழிகாட்டு நெறிகள் 65 வயதுக்குக் கீழே அறுவையையும், 80-க்கு மேலே டாவியையும் முன்வைத்து, இடைப்பட்டோருக்கு நோயாளியும் மருத்துவரும் கலந்து முடிவெடுக்கச் சொல்கின்றன. ஐரோப்பிய நெறிகள் 2021-இல் 75 வயது என்று வைத்திருந்த டாவியின் எல்லையை 2025-இல் 70-ஆகக் குறைத்தன. கோடு எங்கே விழுந்தாலும், 68 வயதில் நாள்தோறும் வயலில் வேலை செய்பவரும், அதே வயதில் சிறுநீரகமும் நுரையீரலும் பழுதுபட்டவரும் ஒரே முடிவுக்கு வர வேண்டியதில்லை.

இங்கே பலர் கேட்கத் தவறும் கேள்வி அடுத்த வால்வைப் பற்றியது. திசு வால்வு பொதுவாகப் பத்து ஆண்டுகளுக்கு மேல் உழைக்கும் என்றாலும் என்றைக்குமே உழைக்காது. 82 வயதில் பொருத்தினால் அது பெரும்பாலும் கவலையில்லை. 62 வயதில் பொருத்தினால் இன்னொன்று வேண்டியிருக்கும். கெட்ட திசு வால்வுக்குள் மீண்டும் ஒரு டாவி வால்வை வைக்க முடியும். ஆனால் ஒன்றுக்குள் ஒன்று வைக்க வைக்க வழி குறுகும். முதல் வால்வின் கூண்டு உயரமானதாக இருந்தால், பின்னாளில் கரோனரி தமனிக்குள் ஸ்டென்ட் வைக்கக் குழாய் நுழைப்பதும் சிரமமாகலாம். டாவி வால்வை அறுவையால் எடுப்பது சிக்கலான வேலை. வயதில் இளையவருக்கு முதலில் அறுவையில் போதிய அளவுள்ள திசு வால்வு, பின்னர் முதுமையில் அதற்குள் டாவி என்ற வரிசையே என் பார்வையில் பலருக்கும் புத்திசாலித்தனமானது. எது எப்படியிருப்பினும், இது பழுதானால் அடுத்து என்ன செய்வீர்கள் என்று கேட்டு, அதற்குத் தெளிவான விடை கிடைத்த பிறகே கையெழுத்திடுங்கள்.

வால்வின் வகையும் முடிவில் சேரும். டாவி வால்வுகளில் சேப்பியன், குஜராத்தின் வாப்பியில் உள்ள மெரில் நிறுவனத்தின் மைவால் ஆகியவை பலூனால் விரிக்கப்படுபவை. எவோலூட் என்பது உடல் வெப்பத்தில் தானே விரியும், நிட்டினால் என்ற உலோகக் கலவையால் ஆன கூண்டு கொண்டது. சேப்பியனிலும் மைவாலிலும் மாட்டின் இதய உறைத் திசுவும், எவோலூட்டில் பன்றியின் இதய உறைத் திசுவும் பயன்படுகின்றன. சமய நம்பிக்கையின் காரணமாக இதில் மனவருத்தம் உள்ளவர்கள் கூச்சப்படாமல் முன்கூட்டியே கேட்கலாம். இத்திசுக்கள் பதப்படுத்தப்பட்டவை என்பதால் சிறுநீரக மாற்றுக்குப் பின் எடுப்பது போன்ற எதிர்ப்பாற்றல் தடுப்பு மருந்துகள் தேவைப்படுவதில்லை. 2019-இல் வெளியான இரு பெரிய ஆய்வுகளின்படி, முப்பது நாளுக்குள் புதிதாகப் பேஸ்மேக்கர் வைக்க வேண்டிவந்தவர்கள் சேப்பியனில் 6.5 சதவீதம், எவோலூட் வகையில் 17.4 சதவீதம். மறுபுறம், வளையம் சிறியதாக உள்ளவர்களுக்குத் தானே விரியும் வகையில் இரத்தம் தடையின்றிப் பாயும் நன்மை உண்டு.

செலவைப் பற்றியும் இங்கேயே பேசிவிட வேண்டும். டாவியில் கட்டணத்தின் பெரும்பகுதி வால்வின் விலையாகவே இருக்கும். மருத்துவமனை சொல்லும் மொத்தத் தொகையில் பேஸ்மேக்கர், கூடுதல் ஐ.சி.யு. நாட்கள், தொடைத் துளையை மூடும் கருவி ஆகியவை அடங்குமா என்று எழுத்தில் கேளுங்கள். காப்பீடு இருந்தால் முன் ஒப்புதலில் வால்வுக்கு உச்சவரம்பு ஏதேனும் குறிக்கப்பட்டுள்ளதா என்று பாருங்கள்.

ஐந்தாம் படி: சிகிச்சை நாள்

முந்தைய இரவிலிருந்து உணவு கிடையாது. எந்த மாத்திரையை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்பதை எழுதித் தருவார்கள். பெரும்பாலோருக்கு முழு மயக்கம் கொடுப்பதில்லை. தொடையில் மரத்துப்போகும் ஊசியும் லேசான உறக்கமும் போதும். ஒரு பக்கத் தமனியில் குழாயைச் செலுத்தி, கம்பியின் மேல் வால்வை மேலேற்றுவார்கள். பலூன் வகையில், விரிக்கும் அந்தச் சில விநாடிகள் இதயத்தை நிமிடத்துக்கு 180-க்கு மேல் துடிக்கவைத்து இரத்த வேகத்தைத் தணிப்பார்கள். இல்லையேல் இரத்த விசை வால்வைத் தள்ளிவிடும். விழித்திருப்பவர்களுக்கு அப்போது தலை சுற்றுவது போல் தோன்றலாம். ஒன்று முதல் இரண்டு மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும்.

ஆபத்துகள் இல்லாமல் இல்லை. பக்கவாதம் நூற்றில் சுமார் இருவருக்கு நேரிடுகிறது. தொடைத் தமனி கிழிந்து இரத்தக்கசிவு, வால்வின் ஓரத்தில் கசிவு, சிறுநீரகப் பாதிப்பு ஆகியவையும் உண்டு. அவசரமாக மார்பைத் திறக்க நேர்வது அரிது. ஆனாலும் அதற்கு அறுவைக் குழு ஆயத்தமாக உள்ள இடத்தில் செய்துகொள்வதே சரி.

ஆறாம் படி: மருத்துவமனையிலும் வீட்டிலும்

சில மணி நேரம் காலை மடக்காமல் மல்லாந்து படுத்திருக்க வேண்டும். மறுநாள் நடக்க வைப்பார்கள். சிக்கல் இல்லாவிட்டால் இரண்டு மூன்று நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். முதல் ஒரு வாரம் தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர் போன்ற கனங்களைத் தூக்கக் கூடாது. குந்தி உட்காரும் கழிவறையைத் தவிர்ப்பது தொடைத் துளைக்கு நல்லது. துளை இருந்த இடம் வீங்கினாலோ இரத்தம் கசிந்தாலோ விரலால் அழுத்திப் பிடித்தபடி மருத்துவமனைக்கு விரைய வேண்டும். சிறு வெட்டு அறுவை செய்துகொண்டவர்களுக்கு மீட்சி சில வாரங்களாகும்.

இதயத்தின் மின்பாதைத் தடை சில சமயம் வீடு திரும்பிய பிறகும் தோன்றும். முதல் இரண்டு வாரங்களில் கண் இருட்டினாலோ மயக்கம் வந்தாலோ அதைப் பலவீனம் என்று எண்ணி ஓய்வெடுத்துக்கொண்டிராமல் உடனே இ.சி.ஜி. எடுக்க வேண்டும்.

மருந்தைப் பொறுத்தவரை, வேறு காரணம் இல்லாதவர்களுக்கு ஆஸ்பிரின் ஒன்றே பெரும்பாலும் போதும். அதனுடன் இரத்தம் கட்டுவதைத் தடுக்கும் இன்னொரு மருந்தான க்ளோபிடோக்ரெலையும் சேர்த்தால் இரத்தக்கசிவு கூடுகிறது என்று 2020-இல் ஓர் ஆய்வு காட்டியது. ஆனால் அண்மையில் ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு இரண்டும் தேவைப்படலாம். இதயத் துடிப்பு ஒழுங்கற்று இருப்பவர்களுக்கு உறைதடுப்பு மருந்து வேண்டும். அசிட்ரோம் எடுப்பவர்கள் கீரையை அடியோடு விட வேண்டியதில்லை. ஒரு வாரம் நிறைய, மறுவாரம் சுத்தமாக இல்லை என்று மாறாமல், ஏறத்தாழ ஒரே அளவாகச் சாப்பிட்டால் ஐ.என்.ஆர். நிலையாக நிற்கும்.

காய்ச்சல் வந்தால் மருந்துக் கடையில் ஆன்டிபயாட்டிக் வாங்கி விழுங்கும் பழக்கத்தை வால்வு பொருத்தியவர்கள் அறவே விட வேண்டும். வால்வில் கிருமி இருக்கிறதா என்று காண இரத்தத்தை வளர்ப்புச் சோதனைக்கு அனுப்புவார்கள். முன்னதாகவே இரண்டு மாத்திரை உள்ளே போயிருந்தால் கிருமி சோதனையில் முளைக்காமல் போய், நோய் மட்டும் உள்ளே வளரும். முதலில் இரத்தம், பிறகுதான் மருந்து என்ற வரிசையை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். பல் பிடுங்குவதற்கோ ஈற்றைச் சுத்தம் செய்வதற்கோ முன்பு, பெனிசிலின் ஒவ்வாமை இல்லாத பெரியவர்களுக்கு அமாக்ஸிசிலின் 2 கிராம் ஒரே வேளையாக அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்கு முன்னால் கொடுப்பது வழக்கம். இதைப் பல் மருத்துவரிடம் நினைவூட்டுவது உங்கள் பொறுப்பு.

ஏழாம் படி: ஆண்டுதோறும் கவனித்தல்

முதல் எக்கோ வீடு திரும்பும் முன்னரோ ஒரு மாதத்துக்குள்ளோ எடுக்கப்படும். அதன்பின் ஓராண்டில் ஒன்று, பிறகு ஆண்டுக்கு ஒன்று. முதல் எக்கோவில் பதிவான சராசரி அழுத்த வேறுபாட்டோடு ஒப்பிட்டே மற்றவை படிக்கப்படுகின்றன. அது 10 மி.மீ. அல்லது அதற்கு மேல் ஏறி 20-ஐத் தொட்டால் காரணம் தேட வேண்டும். இதழில் மெல்லிய இரத்தக்கட்டி படிந்திருப்பதை சி.டி. காட்டினால் உறைதடுப்பு மருந்தாலேயே அது பெரும்பாலும் சரியாகிவிடும். இதழே தேய்ந்திருந்தால் அடுத்த வால்வைப் பற்றிப் பேச வேண்டிய காலம் வந்துவிட்டது என்று பொருள். ஆகவே முதல் எக்கோ அறிக்கை, வால்வின் பெயரும் அளவும் பொருத்திய தேதியும் அச்சிட்ட அட்டை, சிகிச்சைக்கு முந்தைய சி.டி. படங்கள் ஆகிய மூன்றையும் ஒரே உறையில் போட்டுவைத்து, நகலைக் கைபேசியிலும் சேமித்து, எம்.ஆர்.ஐ. எடுக்கும்போதும் வேறெந்த அறுவைக்குப் போகும்போதும் அந்த அட்டையைக் காட்டுங்கள்.